சுழி பார்த்து வாங்கிய டாட்ஜ்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன் வெறுங் கண்ணை மட்டும் நம்பிப் போவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான். வாலைத் தூக்கிப் பார்ப்பான். நெற்றியிலும் முதுகிலும் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பான். கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்குச் சலங்கை கட்டி நிறுத்தியிருக்கும் மாட்டைக் கண்டால் அவனுக்குச் சந்தேகம் அதிகமாகுமே ஒழியக் குறையாது.

எழுபது வருஷத்துக்கு முந்திய அமெரிக்க மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இந்த ஞானமெல்லாம் எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். வண்டி பளபளவென்று இருந்தால் போதும். மனிதர் மயங்கி விடுகிறார். முலாம் பூசிய பம்பரில் தம்முடைய முகமே தெரிவதைப் பார்த்துச் சொக்கிப் போய்ச் செக்குப் புத்தகத்தை எடுத்து விடுகிறார். நான் இப்படிப் பிறரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. நானும் மயங்கினேன். என்னைக் காப்பாற்றியவர் காரைக்குடி மேஸ்திரி ஒருவர். அவர் சட்டைப் பையில் இருந்த ஒரு சிறு காந்தத் துண்டு என்று சொன்னாலும் சரிதான்.

வண்டி வாங்க ஆசைப்பட்டவர் நானல்ல, என் நண்பர். அவர் செட்டிநாட்டு வலையபட்டிக்காரர். வலையபட்டி என்றதும் சங்கீத ரஸிகர்களுக்குத் தவில் வித்வான் வலையபட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம் அவர்களின் ஞாபகம் வரும். எனக்கோ என் நண்பர் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் ஒரு புகைப்படந்தான் ஞாபகம் வரும். படத்திலே நண்பரின் பாட்டனார் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே வண்டி நிற்கிறது. இருவரில் யார் அதிக மிடுக்காக நிற்கிறார்கள் என்று சொல்லுவது கஷ்டம்.

ரங்கூனில் கடை வைத்திருந்த குடும்பம் அது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கடை, கணக்கு, கடன் கொடுத்த பத்திரம் எல்லாம் போயிற்று. உயிரோடு ஊர் திரும்பியதே லாபம் என்று இருந்த அநேகரில் அந்தப் பாட்டனாரும் ஒருவர். பத்து வருஷம் கழித்து, 1952-ல், வேறு தொழிலில் கொஞ்சம் காலூன்றியதும் அவர் செய்த முதல் காரியம் இந்த வண்டியை வாங்கியதுதான். "கெட்டுப் போய்விட்டோம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் பார்க்கட்டும்" என்றாராம். ஆகவே அது மோட்டார் வண்டி மாத்திரமல்ல. ஒரு குடும்பத்தின் பதில்.

1973-ல் உலகத்தில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை எகிறிற்று. 3.6 லிட்டர் எஞ்சினுக்குத் தீனி போட முடியாமல் நண்பரின் தகப்பனார் அடுத்த வருஷமே வண்டியை விற்று விட்டார். வாங்கியவர் அதில் டீசல் எஞ்சினைப் பூட்டி வாடகைக்கு விட்டார் என்று கேள்வி. அப்புறம் அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. நண்பருக்கு அப்போது பத்து வயது. வண்டி தெரு முனை திரும்பும் வரையில் ஓடிப் போய்ப் பார்த்ததாகச் சொல்லுவார். இப்போது பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஊரோடு வந்து விட்டார். கையில் ஓய்வுப் பணம் இருந்தது. முகப்பில் புகைப்படம் இருந்தது. மற்றதைச் சொல்ல வேண்டுமா?

அவருடைய தங்கை மகன் பட்டணத்துப் பிள்ளை. "மாமா, வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், 59-ம் வருஷத்து இம்பாலாவாக வாங்குங்கள்" என்று யோசனை சொன்னான். அமெரிக்க வண்டி என்றதும் இக்காலத்துப் பிள்ளைகளின் மனத்தில் தோன்றும் உருவம் அதுதான். இரண்டு வர்ணம், பின்புறத்தில் பட்சி சிறகு விரித்தாற் போல் இரண்டு வால், மூக்கு முழுவதும் வெள்ளிப் பற்கள். அந்த வால் மோகத்தை ஆரம்பித்து வைத்தது 1948-ம் வருஷத்துக் காடிலாக் வண்டி. யுத்த விமானம் ஒன்றின் இரட்டை வாலைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிச் சித்திரக்காரர்கள் பிடித்த யோசனை அது. வருஷத்துக்கு வருஷம் வால் வளர்ந்து, 1959-ல் உச்சிக்குப் போய், பிறகு தானே குட்டையாயிற்று. வாலினால் வண்டிக்கு வேகம் கூடவில்லை. போன வருஷத்து வண்டி வைத்திருப்பவனுக்கு வெட்கம் உண்டாயிற்று. கம்பெனிக்கு அது போதுமாயிருந்தது.

ஆனால் வால் முளைத்த வண்டிகள் நம் நாட்டுக்கு அதிகம் வரவில்லை. இதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

போர்டு கம்பெனி 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கடை விரித்தன. வண்டிகள் துண்டு துண்டாக மரப் பெட்டிகளில் கப்பலேறி வரும். இங்கே பூட்டி விற்பார்கள். நம் நாட்டிலேயே மோட்டார் செய்ய வேண்டும் என்று மைசூர் விசுவேசுவரய்யா 1930-களில் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். அந்நிய ஸர்க்கார் காதில் போட்டுக் கொள்ளவில்லை. அவருடைய யோசனையை எடுத்துக் கொண்டு வால்சந்த் ஹிராசந்த் அமெரிக்காவிலே கிரைஸ்லர் கம்பெனியாரைப் பிடித்தார். 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஏற்பட்டது. 1947-ல், சுதந்திரம் வந்த அதே வருஷத்தில், பம்பாய்க்கு அடுத்த குர்லாவில் அதன் முதல் வண்டி வெளிவந்தது. டாட்ஜ், டிஸோடோ, பிளிமத் என்று மூன்று பெயர்களில் கிரைஸ்லர் வண்டிகள் அங்கே தயாராயின. வங்காளத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் வண்டிகளைப் பூட்டியது.

பிறகு 1953-ல் சுங்க விகிதக் கமிஷன் ஒரு கண்டிப்பான முடிவு சொல்லிற்று. இந்த நாட்டில் பாகங்களைச் செய்யத் திட்டம் இல்லாமல் வெறுமே பூட்டி விற்கும் கம்பெனிகள் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்பது அதன் சாரம். போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நடையைக் கட்டின. பம்பாய் சிவ்ரியில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1954-ல் மூடப்பட்டது. முழு வண்டி இறக்குமதிக்கும் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டு விட்டது. ஆகையால் அமெரிக்காவில் வால் வளர்ந்த காலத்தில் இங்கே அம்பாஸடரும் பியட்டும் ஓடின. அதற்குப் பின் வந்த இம்பாலாக்கள் பெரும்பாலும் தூதராலயக்காரர்கள் கொண்டு வந்து உபயோகித்து, ஸர்க்காரின் வர்த்தகக் கார்ப்பொரேஷன் மூலம் விற்கப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்குச் சுக்கான் இடது பக்கத்தில் இருக்கும். இடது சுக்கான் வண்டியை நம் சட்டம் இலேசில் ஏற்றுக் கொள்ளாது. விதிப்படியான ஸிக்னல் கருவி பொருத்தியாக வேண்டும்.

வெளி நாட்டிலிருந்தே வரவழைத்தால் என்ன என்று மருமகப் பிள்ளை விடவில்லை. முன்னெல்லாம் 1950-ம் வருஷத்துக்கு முன் செய்த வண்டிகளுக்குத்தான் லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி உண்டு. 2025-ல் இந்த விதி தளர்ந்து, 50 வயது நிரம்பிய வண்டிகளையும் கொண்டு வரலாம் என்று ஆயிற்று. ஆனால் சுங்க வரி வண்டியின் விலையையே தாண்டிப் போகும். "வண்டி ஒன்று, வரி இரண்டு, மூன்றுக்கும் என்னிடம் கொட்டகை இல்லை" என்று நண்பர் சொல்லி விட்டார். அவருக்கு வேண்டியது ஐயா வைத்திருந்த டாட்ஜ் கிங்ஸ்வே. அதிலும் அதே 1952. குர்லாவில் நம்மவர் கைகள் மறை திருகிப் பூட்டிய வண்டி. அதை அமெரிக்க வண்டி என்று சொல்லுவது எவ்வளவு சரியோ, இந்திய வண்டி என்று சொல்லுவதும் அவ்வளவு சரி.

முதலில் நாங்கள் பார்க்கப் போன வண்டி ஒரு பெரிய நகரத்தில் இருந்தது. நகரத்தின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம். 'முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது' என்று விளம்பரம். உள்ளே போனதும் எனக்கு மூச்சு நின்று விட்டது. பச்சை மேனி, பால் வெள்ளை மேற்கூரை, சிவப்புத் தோல் ஆசனம். நண்பர் வாய் திறக்கவில்லை. கதவுப் பிடியை மட்டும் தொட்டுக் கொண்டு நின்றார். எங்களோடு வந்த மேஸ்திரிக்கு எழுபது வயது. பதினாலு வயதில் காரைக்குடிக் கொட்டகை ஒன்றில் ஸ்பானர் பிடித்தவர். அவர் வர்ணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

இரும்புத் தகடாக இருந்தால் காந்தம் ஒட்ட வேண்டுமல்லவா? முன் கதவின் மேல் பாதியில் ஒட்டிற்று. கீழ்ப் பாதியில் வைத்தார். நழுவிக் கீழே விழுந்தது. பின் சக்கர வளைவில் வைத்தார், விழுந்தது. "இந்த இடத்திலெல்லாம் தகடு இல்லைங்க, வெறும் பட்டி" என்றார் மேஸ்திரி. துரு தின்ற ஓட்டையைத் தகடு வைத்து அடைக்காமல், பட்டி மாவை விரல் கனத்துக்கு அப்பித் தேய்த்து, அதற்கு மேல் பச்சை வர்ணம். மழைக்காலம் ஒன்று போதும். குட்டு வெளிப்பட்டு விடும்.

பானெட்டைத் திறந்தார்கள். பெரிய வயிற்றுக்குள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின் உட்கார்ந்து கொண்டிருந்தது. "மைலேஜ் நல்லாக் கொடுக்கும் ஸார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். இது ஊரறிந்த சங்கதிதான். எழுபதுகளில் பெட்ரோல் விலைக்கு அஞ்சி எத்தனையோ அமெரிக்க வண்டிகளுக்கு இந்த இருதய மாற்றம் நடந்தது. பெர்க்கின்ஸ் எஞ்சின், வான் எஞ்சின், எது கிடைத்ததோ அது. அந்த வண்டிகள் உயிர் பிழைத்ததே அதனால்தான் என்று கூடச் சொல்லலாம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது, அதை மறைத்து 'அசல்' என்று விலை வைப்பதை.

மேஸ்திரி கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார். முன் இடது சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கடைப் பையன் ஸ்பானரைப் போட்டு ஏறி மிதித்தான். அசையவில்லை. இன்னொருவனும் சேர்ந்து ஏறினான். படீரென்று ஒரு சத்தம். மறை ஆணி முறிந்து ஸ்பானரோடு கையில் வந்து விட்டது. கிரைஸ்லர் வண்டிகளில் அந்தக் காலத்தில் இடது பக்கத்துச் சக்கர நட்டுகளுக்கெல்லாம் இடது மறை. உலகத்து நட்டெல்லாம் எந்தப் பக்கம் திருகினால் கழலுமோ, அந்தப் பக்கம் திருகினால் இவை இறுகும். ஓடும் வண்டியில் நட்டு தானே தளரக் கூடாது என்று செய்த ஏற்பாடு. டாட்ஜ் வண்டியை அறிந்த எவனும் முதலில் அறிவது இது. "முழு வண்டியையும் பிரித்துப் பூட்டினோம் என்கிறார்கள். சக்கரத்தையே கழற்றியதில்லை போலிருக்கே" என்று மேஸ்திரி சொன்னபோது நாங்கள் வாசலுக்கு வந்து விட்டோம். திரும்பும் வழியெல்லாம் நண்பர் பேசவில்லை. பச்சை வண்டி அவர் மனத்தை விட்டுப் போகவில்லை என்று தெரிந்தது.

"எஞ்சின் வேறாக இருந்தால் என்ன? பார்வைக்கு ஐயா வண்டிதானே?" என்று மறுநாள் என்னிடம் கேட்டார். இதற்கு நான் வேதாந்தம் பேசவில்லை, சட்டம் பேசினேன். 2021 ஜூலையில் மத்திய ஸர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். முதலில் ரிஜிஸ்தர் ஆகி 50 வருஷத்துக்கு மேலாகி, சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் அசல் உருவத்தில் இருந்தால்தான் அது 'விண்டேஜ்' வண்டி. புதிதாக ரிஜிஸ்தர் செய்தால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபடி புதுப்பிக்க 5,000. முன்பே ரிஜிஸ்தர் ஆன வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக் கொள்ளலாம். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்குத்தான் அதைத் தெருவில் ஓட்டலாம். தினசரி சவாரி கூடாது. டீசல் எஞ்சின் போட்ட டாட்ஜ் இந்தப் பந்தியில் உட்கார முடியாது. பத்து லட்சம் கொடுத்து வாங்கினாலும் பந்திக்கு வெளியேதான்.

சட்டத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'அசல்' என்ற சொல்லை அது சுலபமாகச் சொல்லி விடுகிறது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு சங்கடமானது என்று தெரியும். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்கு நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பெட்டகம், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒவ்வொன்றும் அசல். ஆனால் அந்த நிலைக்கதவு எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீடு இடிந்து போயிற்று. இன்னொரு பக்கம், முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பழைய சுவரைச் சுரண்டி, பளபளக்கும் புதுச் சாயம் அடித்து, "புதுப்பித்து விட்டோம்" என்கிற வீடுகளும் உண்டு. இடிப்பதும் ஒரு விதம். இப்படிப் புதுப்பிப்பதும் ஒரு விதம். இரண்டுக்கும் நடுவே, ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டு வீட்டைக் காப்பாற்றி வருகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வண்டி விஷயத்திலும் அப்படிப்பட்ட மனிதரைத்தான் தேட வேண்டும் என்று நான் நண்பரிடம் சொன்னேன்.

எட்டு மாதம் சென்று அப்படி ஒருவர் அகப்பட்டார். மதுரைப் பக்கத்து கிராமத்தில் தோட்டமும் துரவுமாக இருக்கும் ஒரு கனவான். அவரிடமிருந்தது 1952 டாட்ஜ் கிங்ஸ்வே. புதுப்பிக்க நாலு வருஷம் எடுத்துக் கொண்டாராம். முதலில் வண்டியைக் காட்டவில்லை. எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்து, தடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். கோழிகள் குடியிருந்த நிலையில் வண்டி கிடைத்த நாள் முதல், ஒவ்வொரு தகடு வெட்டி ஒட்டியதற்கும், ஒவ்வொரு பிஸ்டன் வளையம் மாற்றியதற்கும் படம் இருந்தது. மாற்றிய பழைய பாகங்களையெல்லாம் சாக்கு மூட்டையில் கட்டி வைத்திருந்தார். "வாங்குகிறவர்கள் இதையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இதுவும் வண்டிதான்" என்றார். மேஸ்திரியின் முகத்தில் அன்றுதான் முதல் முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

வண்டி பச்சை வண்டி மாதிரி இல்லை. சாம்பல் நிறம், அவ்வளவு பிரகாசமில்லை. சுக்கான் வளையத்தில் பழைய கைகள் தேய்த்த இடம் அப்படியே வழவழவென்று இருந்தது. முன் கண்ணாடி நடுவில் சட்டம் வைத்த இரட்டைக் கண்ணாடி. கூரை நல்ல உயரம். அக்காலத்தில் கிரைஸ்லர் தலைவராயிருந்த கெல்லர் என்பவர், தொப்பி வைத்த மனிதன் தலை இடிக்காமல் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். மற்றக் கம்பெனிகள் வண்டியைத் தாழ்வாகவும் நீளமாகவும் செய்து விற்றுக் கொண்டிருக்க, இவர் தொப்பிக்கு இடம் விட்டு வியாபாரத்தைக் கோட்டை விட்டார் என்று அமெரிக்கர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தலைப்பாகைக்காரர்களுக்கு அது எவ்வளவு சௌகரியமாயிருந்தது என்பது வலையபட்டிப் புகைப்படத்தைப் பார்த்தால் தெரியும்.

காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டிற்று. எஞ்சினில் பொறித்த எண் மங்கலாக, வரிசை சற்றுக் கோணலாக, பழைய பொறிப்பாகவே இருந்தது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவே. பாட்டரி மேல் ஒரு சிவப்புச் சீட்டு: '6 வோல்ட். பாஸிடிவ் எர்த்.' இந்த வருஷத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் கூட்டோடு இணைந்திருக்கும். 1956-ல்தான் 12 வோல்ட்டும் இன்றைய முறையும் வந்தன. தெரியாத கை தலைகீழாக மாட்டினால் தீர்ந்தது.

ஒரே ஒரு குறை எனக்குப் பட்டது. முன்புறத்துப் பம்பர் மின்னிற்று; ஆனால் கிரில் பட்டைகள் சிலவற்றில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். "இதை ஏன் விட்டு விட்டீர்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல் அவர் ஆரம்பித்தார். நல்ல முலாம் என்றால் இரும்புக்கு மேல் செம்பு, அதற்கு மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய குரோமியம். துருவைத் தடுப்பது உண்மையில் நிக்கல், குரோமியம் மின்னுவதற்கு. 1950-ல் கொரியா யுத்தம் மூண்டதும் அமெரிக்காவில் நிக்கலும் செம்பும் படைத் தளவாடத்துக்குப் போய் விட்டன. மோட்டார்க் கம்பெனிகள் அரை குறையாக முலாம் பூசி அனுப்பின. அதனால் 1951, 52-ம் வருஷ வண்டிகளின் பளபளப்பு சீக்கிரம் கொப்பளிக்கும். கொரியா முலாம் என்றே அதற்குப் பெயர் வந்து விட்டது. கொரியாவில் குண்டு விழுந்தால் செட்டிநாட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அம்மை போடுகிறது! "இது சரித்திரம் போட்ட புள்ளி, இதை எதற்கு அழிக்க வேண்டும்?" என்றார் அவர்.

காரைக்குடிக்காரர்களுக்கு இந்த முலாம் விஷயத்தில் தனி உரிமையே உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின் ரஸாயன ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 'சிக்ரி' என்று ஊரார் அழைக்கும் அந்த நிலையத்தில் இரும்பு ஏன் துருப் பிடிக்கிறது, உலோகத்தின் மேல் உலோகம் எப்படி ஒட்டும் என்ற இரண்டு கேள்விகளையும் இன்று வரை விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். குர்லாவில் எங்கள் டாட்ஜ் வண்டியைப் பூட்டிக் கொண்டிருந்த அதே நாட்களில், காரைக்குடிப் பொட்டலில் அந்தக் கட்டிடம் எழும்பிக் கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பிறகு கடுதாசிகளைப் பார்த்தோம். வாங்குகிறவர்கள் கடைசியில் பார்க்கும் இதை முதலிலே பார்க்க வேண்டும். பழைய வண்டி பெரும்பாலும் இறந்து போனவர் ஒருவர் பெயரிலேயே இருக்கும். வாரிசுக்கு மாற்ற 31-ம் நம்பர் பாரம். பிறகு விற்க 29, 30-ம் நம்பர் பாரங்கள். வாரிசு ஒருவரென்றால் பாதகமில்லை. செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வளவுக்கு எத்தனை புள்ளி, எத்தனை பங்கு என்று கணக்கெடுத்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஒரு கையெழுத்து, கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்து, பேசாமலிருக்கும் பங்காளியிடம் ஒரு கையெழுத்து. இந்த வண்டிக்கு ஒன்பது வாரிசுகளாம். எஞ்சினைப் பூட்ட ஏழு மாதந்தான் ஆயிற்று. கையெழுத்து வாங்க இரண்டு வருஷம் ஆயிற்று என்றார். பெட்டியில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஐந்து வருஷத்துக்கொரு முறை ரிஜிஸ்தரைப் புதுப்பித்த முத்திரைகளும் இருந்தன. ஆகவே பழைய மதராஸ் எண்ணுடனேயே அது ஓடலாம்.

விலையை நான் சொல்லப் போவதில்லை. சொல்லவும் முடியாது, எனக்குத் தெரியாது. அந்தக் கனவான் தோளில் கிடந்த துண்டை எடுத்து நண்பரின் கைமேல் போட்டு, மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்குள் விரலைப் பிடித்தார். இருவரும் தலையை ஆட்டினார்கள், மறுபடி ஆட்டினார்கள். நண்பர் வெகு நாள் பாங்கியில் இருந்தவர். இருந்தாலும் துண்டுக்குள்ளே அவர் கை கொஞ்சம் நடுங்கிற்று. பச்சை வண்டிக்குக் கேட்டதை விடக் குறைவு என்று மட்டும் பிறகு சொன்னார்.

வாங்கியதோடு விஷயம் முடிந்து விடுவதில்லை. இப்போது நம் ஊர்ப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் என்னும் சாராயம் கலந்து வருகிறது. எழுபது வருஷத்து ரப்பர்க் குழாய்க்கும் பெட்ரோல் பம்பின் தோலுக்கும் அது ஆகாது. ஊறி நைந்து போகும். எதனாலைத் தாங்கும் புதுக் குழாய் போட்டாக வேண்டும். அசல் வேண்டும் என்று பழைய குழாயையே வைத்துக் கொண்டால் அசலோடு சேர்த்து நாமும் எரிவோம். பிரேக்கும் அப்படித்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் ஓட்டம். ஒரு குழாய் வெடித்தால் நாலும் போயிற்று. இந்த இடங்களில் மேஸ்திரி அசலைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் வலையபட்டிக்கு ஓட்டி வரச் சம்மதித்தார். கியூபாவில் ஹவானா நகரத்துத் தெருக்களில் ஐம்பதுகளின் அமெரிக்க வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. புரட்சிக்குப் பின் அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தி விடவே, கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். அதைப் பற்றிச் சொன்னேன். "அவங்களும் நம்ம ஆளுங்கதான்" என்று மேஸ்திரி ஒரே வார்த்தையில் முடித்து விட்டார்.

வண்டி வந்த அன்று தெருவே கூடிற்று. நண்பரின் தாயாருக்கு எண்பத்தேழு வயது. 1955-ல் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்ததே அந்தப் பழைய டாட்ஜ் வண்டியில்தான். ஆச்சி முகப்புத் தூணைப் பிடித்துக் கொண்டு வெகு நேரம் பார்த்தார்கள்.

"ஆத்தா, ஏறி உட்காருங்க. ஐயா வச்சிருந்தாகளே, அதே மாதிரி வண்டி" என்றார் நண்பர்.

ஆச்சி மெதுவாக ஏறிப் பின் ஆசனத்தில் உட்கார்ந்தார்கள். ஆசனத்தைத் தடவினார்கள். கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னல் மேல் விளிம்பில் விரலால் எதையோ தேடினார்கள்.

"திரை எங்கேப்பா? நான் வர்றப்ப இதிலே நீலத் திரை போட்டிருந்துச்சே" என்றார்கள்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் வண்டியின் பின்புறம் போய்ச் சாக்கு மூட்டையை அவிழ்த்தார். அதன் அடியிலிருந்து விரற்கடை கனத்தில், துருப் பிடித்த இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன கம்பின்னு இத்தனை நாளும் யோசிச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றார்.

நீலத் துணிக்குக் காரைக்குடிக்கு ஆள் போயிருக்கிறது.